ஆடி அமாவாசை, காலை 6.24

காசி கேதார் காட் படிகளுக்கு நம் ஊர்க் கோயில் மதில்போலச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருப்பார்கள். 2009 ஜூலை 22, புதன்கிழமை விடிகாலை நான்கு மணிக்கு அங்கே போய் நின்றபோது பட்டை எதுவும் கண்ணில் படவில்லை. படி முழுக்கத் தலைகள். பெரியப்பா சட்டையைக் கழற்றிப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “பிடிச்சதும் ஒரு முழுக்கு, விட்டதும் ஒரு முழுக்கு. நடுவுல ஜபம். என்னைக் கூப்பிடாதே.”

அன்று ஆடி அமாவாசை. அமாவாசையன்றுதான் சூரிய கிரகணம் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆடி அமாவாசையும் முழு கிரகணமும் காசியும் ஒன்றாக அமைவது அபூர்வம். முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் விட வந்தவர் பெரியப்பா. அவருக்குச் சமைத்துப் போட வந்தவர் பெரியம்மா. நான் வந்தது சூரியனைப் பார்க்க. கும்பகோணத்திலிருந்து சென்னை, அங்கிருந்து கங்கா காவேரி எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு. புளியோதரை முதல் நாளே தீர்ந்துவிட்டது. ஊறுகாய் பாட்டிலுக்குள் பெரியம்மா கும்பகோணத்திலேயே ஒரு தர்ப்பையைச் செருகி வைத்திருந்தார். “கிரகணத்துக்கு இன்னும் மூணு நாள் இருக்கே” என்றேன். “அங்க போய் தர்ப்பை தேடிட்டு இருக்க முடியுமா?” என்றார். என் கேமரா பைக்குள் இருந்த சாமான்களும் அதே கவலையில் வாங்கியவைதான்.

காசியை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று பின்னால் பலர் கேட்டிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் நான் தேர்ந்தெடுக்கவில்லை; பெரியப்பா அங்கே போவதாக இருந்தார், நான் ஒட்டிக்கொண்டேன். கணக்குப் பார்த்திருந்தால் வேறு ஊருக்குப் போயிருப்பேன். சூரத், இந்தூர், போபால், காசி, பாட்னா என்று வரிசையாக இந்தியாவைக் கடந்து, பூட்டான் வழியாகச் சீனாவுக்குள் நுழைந்து ஷாங்காய் வரை போனது அந்த நிழல். பாதையின் நடுக்கோட்டுக்கு அருகில் இருந்தால் இருட்டு அதிக நேரம் நீடிக்கும், ஓரத்துக்குப் போகப் போகக் குறையும். காசியில் ஏறக்குறைய மூன்று நிமிடம், பாட்னாப் பக்கம் அதைவிட முக்கால் நிமிடம் கூடுதல். அந்த முக்கால் நிமிடத்துக்காக விஞ்ஞானிகளும் தொலைக்காட்சிக்காரர்களும் பாட்னாவுக்குத் தெற்கே தாரேகனா என்ற சிற்றூரில் குவிந்தார்கள். ஆரியபட்டர் அங்கிருந்துதான் வானத்தைப் பார்த்தார் என்று ஊரார் சொல்லும் இடம். கிரகணத்துக்குக் காரணம் பாம்பல்ல, நிழல்தான் என்று எழுதிவைத்தவரின் பெயரோடு சேர்ந்த ஊரில் நிழலைப் பார்ப்பது நல்ல யோசனைதான். ஆனால் ஜூலை மாதம் ஆயிற்றே. அன்று காலை தாரேகனாவில் மேகம் விலகவில்லை. பகல் இருண்டு மீண்டும் வெளுத்ததைத் தவிர அங்கே கூடியவர்கள் எதையும் பார்க்கவில்லை.

கிரகணம் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு முதல் பாடம் இதுதான். எத்தனை வினாடி என்று பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த மாதத்தில் அங்கே மேகம் எப்படி என்று பாருங்கள். இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்களில் ழான்சென் என்ற பிரெஞ்சு வானியலாளரை மிஞ்ச ஆளில்லை. 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்துக்காகக் குண்டூருக்கு வந்தார். அன்று அவர் ஆராய்ந்த சூரிய ஒளிதான் பின்னால் ஹீலியம் என்ற தனிமத்தைக் கண்டுபிடிக்க வழி செய்தது. 1870 டிசம்பரில் அவர் குறிவைத்த கிரகணம் அல்ஜீரியாவில். அப்போது பாரிஸை ஜெர்மானியப் படை முற்றுகையிட்டிருந்தது. மனிதர் பலூனில் ஏறி முற்றுகையைத் தாண்டித் தப்பி, கடல் கடந்து, ஓரான் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். கிரகண நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது! பீரங்கிக்குத் தப்பிய ஆள் மேகத்துக்குத் தப்பவில்லை. மறு வருஷம், 1871 டிசம்பர் 12, நீலகிரியில் சோலூர் என்ற ஊரில் வந்து நின்றார். அங்கே வானம் தெளிவாக இருந்தது.

கேதார் காட்டுக்கு வருகிறேன். குமரகுருபரர் நிறுவிய மடம் இங்கேதான் இருக்கிறது. பக்கத்து ஹனுமான் காட் சந்துகளில் தமிழ் கேட்காமல் நடக்க முடியாது. இளவயதில் பாரதியார் தங்கியிருந்ததும் அந்தப் பக்கம்தான். ஆனால் கிரகணத்துக்குக் காசி வாய்ப்பானதற்குக் காரணம் புண்ணியமல்ல, அதன் அமைப்பு. ஊர் முழுவதும் மேற்குக் கரையில் இருக்கிறது. எதிர்க்கரையில் கட்டடமே இல்லை, மணல்தான். காலைச் சூரியனைப் பார்க்க யாரோ கேலரி கட்டிவைத்ததுபோல மைல் கணக்கில் படிக்கட்டு. காலை ஆறரை மணிக் கிரகணத்துக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

ஐந்தரைக்குக் கிரகணம் பிடித்தது என்று கடிகாரத்தை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. கிழக்கே சாம்பல் நிறத்தில் ஒரு சுவர். சூரியன் உதித்ததே தெரியவில்லை. இருந்தாலும் படித்துறை முழுக்க ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் முழுகினார்கள். தண்ணீர் மேல்படிக்கு ஏறி வந்து எங்கள் செருப்பை நனைத்துவிட்டு இறங்கியது. பெரியப்பா இடுப்பளவு நீரில் கிழக்கு பார்த்து நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஆறு மணி வாக்கில் மேகச் சுவரில் ஒரு கிழிசல் விழுந்தது. அதன் வழியாகச் சூரியன் வெளியே வந்தபோது மேல்பாதி காணாமல் போயிருந்தது. காலை நேரத்தில் நிலா மேலிருந்து கீழ்நோக்கி மறைத்துக்கொண்டு வரும். அதனால் மிச்சமிருப்பது அடிப்பக்கம். இரண்டு முனையும் மேலே தூக்கிய ஓடம்போல அது கங்கைக்கு மேலே நின்றது. அட்டைக் கண்ணாடியைப் பெரியம்மாவிடம் நீட்டினேன். முதலில் வேண்டாம் என்றார். “புள்ளத்தாச்சிதான் பார்க்கக் கூடாது. எனக்கென்ன” என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். “அட, ஓடம்” என்றார். பக்கத்தில் ஒருவர் எக்ஸ்ரே படலத்தைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஆபத்து. வெளிச்சத்தைக் குறைத்துக் காட்டுமே தவிர, கண்ணைச் சுடும் கதிர்களைத் தடுக்காது. விழித்திரைக்கு வலி தெரியாது என்பதால் கெட்ட பிறகுதான் தெரியும். ஒரு கண்ணாடியை அவரிடம் கொடுத்தேன். அது திரும்பி வரவில்லை. அந்தக் குடும்பமே மாற்றி மாற்றிப் பார்த்தது.

6.20-க்கு வெளிச்சம் மாறியது. அந்தி வெளிச்சம் மஞ்சளாக இருக்கும். இதில் மஞ்சளே இல்லை. ஈயம் பூசிய பாத்திரத்தின் நிறம். நிழல்கள் கத்தியால் வெட்டியதுபோலக் கூர்மையாகின. கோபுரத்துக் கிளிகள் கூட்டமாகக் கிளம்பி ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி அடைந்தன. ஈரத் துணியோடு நின்றவர்கள் நடுங்கினார்கள். சூரத்தை 6.21-க்குத் தொட்ட நிழல் பாட்னாவுக்கு 6.24-க்கு வந்து சேர வேண்டும். ரயிலில் ஒரு நாளைக்கு மேல் பிடிக்கும் தூரம். எல்லோரும் கிழக்கே பார்த்துக்கொண்டிருக்க, அது மேற்கிலிருந்து, எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து, ஊருக்கு மேலாக வந்தது. ஆடி மாத மழை மேகம் கூரைக்கு மேலே உருண்டு வருவதுபோல ஒரு கருமை. கிழக்கே ஓடம் மெலிந்து நூலாகி, நூல் அறுந்து மணிமணியாகி, அடியில் ஒரே ஒரு மணி மட்டும் வைரம்போல நின்றது.

பிறகு அதுவும் போயிற்று.

“ஹர ஹர மகாதேவ்” என்று படித்துறை முழுதும் ஒரே குரலாக எழுந்தது. சங்கு. மணி. அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? குனிந்துகொண்டிருந்தேன்.

கேமரா லென்ஸுக்கு முன்னால் சூரிய வடிகட்டிப் படலத்தை ஒட்டியிருந்தேன். முழு இருட்டு வந்ததும் அதைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் படத்தில் ஒன்றுமே விழாது. காற்றில் பறந்துவிடக் கூடாதே என்று இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்றுச் சுற்றியிருந்தேன். கங்கைக்கரை ஈரத்தில் அது இளகிப் பிசினாகிவிட்டது. நகத்தால் சுரண்டினேன். நுனி கிடைக்கவில்லை. பல்லால் கடித்துப் பிய்த்தபோது முக்காலி சாய்ந்தது. நிமிர்த்தி, சூரியனை மறுபடி கட்டத்துக்குள் கொண்டுவந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று அழுத்தினேன். திரையில் வெள்ளைத் திட்டு. ஒளி அளவை மாற்றினேன். மறுபடி வெள்ளைத் திட்டு. அப்போதுதான் தலையை நிமிர்த்தினேன்.

அரை நிமிடம் இருந்திருக்கும். கிழக்கே வானத்தில் ஒரு கறுப்புத் துளை. அதைச் சுற்றி மேலும் கீழுமாகச் சற்றே சாய்ந்து நீண்ட வெண்மை. அந்த வருஷம் சூரியன் வெகு அமைதியாக இருந்த காலம். அப்படிப்பட்ட காலத்தில் கரோனா என்ற அந்த வெண்மை எல்லாப் பக்கமும் சமமாகப் பரவாமல் நடுப்பகுதியிலிருந்து இரு புறமும் நீளும் என்று படித்திருந்தேன். அது சரிதான் என்று தலையசைப்பதற்குள் மேல் விளிம்பில் ஒரு பொட்டு வெளிச்சம் கிளம்பியது. உச்சிக்குச் சற்றுக் கீழே தெரிந்த வெள்ளி மங்கியது. அடுத்த நொடி சாதாரணக் காலை ஆகிவிட்டது. கூட்டம் இரண்டாவது முழுக்குக்குக் காத்திருந்தது. யாரோ டீ விற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஏழரைக்குப் பெரியப்பா கரையேறினார். ஜபம் முடியும்வரை கண்ணைத் திறக்கவே இல்லை என்றார். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, “எப்படிடா இருந்துச்சு?” என்று கேட்டார். கேமராத் திரையைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, “இது என்ன, டியூப்லைட்டா?” என்றார். பெரியம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு மேல்படியில் உட்கார்ந்தபடியே சொன்னார்: “கறுப்பா ஒரு நிலா. சுத்திலும் நரைமுடியை விரிச்சுப் போட்ட மாதிரி. ராத்திரியும் இல்ல, பகலும் இல்ல. வயித்துக்குள்ள என்னவோ பண்ணுச்சு.”

மூன்று பேர் போனதில் கிரகணத்தை முழுதாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அதே காலை இன்னொரு படித்துறையில் நெரிசலில் சிக்கி ஒரு மூதாட்டி இறந்துபோனார் என்று அறைக்குத் திரும்பிய பிறகு கேள்விப்பட்டோம். பெரியப்பா அன்று முழுக்க அதிகம் பேசவில்லை. எத்தனை அழகான இடமானாலும் வெளியேறும் வழி தெரியாமல் கூட்டத்துக்குள் போய் நிற்கக் கூடாது என்பது எனக்கு அன்று வந்த இரண்டாவது பாடம்.

இவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா, ஊரிலேயே பாதி தெரியுமே என்று கேட்பவர்கள் உண்டு. 2019 டிசம்பர் 26-ல் நம் பக்கமே கங்கண கிரகணம் வந்தது. கோயம்புத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டை என்று அதன் பாதை போயிற்று. வீடுகளில் தாம்பாளத்தில் உலக்கையை நிறுத்திவைத்தார்கள்; அது நின்றது. மறுநாள் நிறுத்தினாலும் நிற்கும், யாரும் சோதிப்பதில்லை. நான் திண்டுக்கல் பக்கம் போயிருந்தேன். கண்ணாடி வழியே பார்த்தால் நெருப்பு வளையல். கண்ணாடியைக் கழற்றினால் சற்றே சோகையான பகல், பேப்பர் படிக்கலாம். நிலா சற்றுத் தொலைவில் இருந்ததால் சூரியனை முழுதாக மறைக்க அதனால் முடியவில்லை. விளிம்பில் மிச்சமிருந்த கொஞ்சம் சூரியனே பகலைக் காப்பாற்றப் போதும். கரோனாவைப்போலப் பத்து லட்சம் மடங்கு பிரகாசம் சூரிய வட்டத்துக்கு. ஆகவே தொண்ணூற்றொன்பது சதவீதக் கிரகணம் என்பது முழு கிரகணத்தில் ஒரு சதவீதம் குறைந்தது அல்ல. கல்யாண மண்டபத்து வாசல் வரைக்கும் போய் மொய்க் கவரைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடாமல் திரும்புகிற கதை.

சூரியன் நிலாவைவிடச் சுமார் 400 மடங்கு பெரியது, சுமார் 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது. அதனால்தான் இரண்டும் வானத்தில் ஒரே அளவாகத் தெரிகின்றன. இந்தப் பொருத்தம் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். ஜூலை முதல் வாரத்தில் பூமி சூரியனை விட்டு மிகத் தள்ளியிருக்கும், அப்போது சூரியன் சற்றே சிறுத்துத் தெரியும். அந்தச் சமயம் பார்த்து நிலாவும் பூமிக்கு நெருங்கி வந்தால் நீண்ட கிரகணம். 2009-ல் அப்படித்தான், பசிபிக் கடலில் ஓரிடத்தில் 6 நிமிடம் 39 வினாடி நீடித்தது. இந்த நூற்றாண்டிலேயே நீண்டது அதுதான்.

அந்தக் கிரகணத்துக்கு ஒரு குடும்பம் உண்டு. 18 வருஷம், 11 நாள், 8 மணி நேரத்துக்கு ஒரு முறை சூரியனும் நிலாவும் பூமியும் ஏறக்குறைய அதே அமைப்புக்குத் திரும்புகின்றன. அந்த எட்டு மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு சுற்றிவிடுவதால் நிழல் ஒவ்வொரு முறையும் மேற்கே தள்ளி விழுகிறது. 1919 மே 29-ல் வந்தது இந்தக் குடும்பத்துக் கிரகணம்தான். ஒளி வளைகிறது என்ற ஐன்ஸ்டைனின் கணக்கை ஆப்பிரிக்கக் கரையோரம் பிரின்சிப்பே தீவில் எடிங்டன் சோதித்தது அன்றுதான். 1955 ஜூன் 20-ல் இலங்கை வழியாகப் போனது. 1973 ஜூன் 30-ல் சஹாராவுக்கு மேலே கான்கார்ட் விமானம் ஒன்று அதன் நிழலோடு சேர்ந்து பறந்து 74 நிமிடம் இருட்டுக்குள்ளேயே இருந்தது. 1991-ல் ஹவாய், மெக்சிகோ. 2009-ல் காசி. அடுத்தது 2027 ஆகஸ்ட் 2.

அன்று நிழல் ஸ்பெயினின் தென்கோடியில் கரையேறி, மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, லிபியா, எகிப்து வழியாகச் செங்கடலைத் தாண்டிச் சவூதி, ஏமன் என்று போகிறது. ழான்சென் ஏமாந்த ஓரான் நகரமும் அதன் பாதையில் இருக்கிறது. எகிப்தின் லக்ஸரை ஒட்டித்தான் மிக நீண்ட இருட்டு: 6 நிமிடம் 20 வினாடிக்கு மேல். ஆகஸ்டில் அங்கே மேகத்தைத் தேடினாலும் கிடைக்காது. கிடைப்பது வெயில், நாற்பது டிகிரிக்கு மேல். ஆயிரக்கணக்கான நம் ஆட்கள் வேலை பார்க்கும் ஜெத்தாவும் பாதைக்குள்ளேயே வருகிறது; அங்கே இருப்பவர்கள் டிக்கெட் எடுக்கவே வேண்டாம், அரை நாள் லீவு சொன்னால் போதும். மக்காவிலும் முழு கிரகணம்தான். அதற்கு அடுத்த வருஷம், 2028 ஜூலை 22-ல் சிட்னி. இந்தியாவுக்குள்ளேயே பார்க்க வேண்டுமானால் 2034 மார்ச் 20 வரை காத்திருந்து கார்கில் பக்கம் போக வேண்டும். மலையும் பனியும் அன்று என்ன மனநிலையில் இருக்குமோ!

லக்ஸருக்குப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல நாலு விஷயம் உண்டு. அறையை இப்போதே பிடியுங்கள். கிரகணம் துரத்துகிறவர்கள் வருஷக்கணக்கில் முன்னதாகவே பிடித்துவிடுவார்கள். ஐஎஸ்ஓ 12312-2 என்று அச்சிட்ட கண்ணாடியாகப் பார்த்துத் தலைக்கு இரண்டாக வாங்குங்கள், ஒன்று கட்டாயம் யாரிடமாவது போய்விடும். ஒரு பாய் எடுத்துக்கொள்ளுங்கள். பகல் ஒரு மணியை ஒட்டிய கிரகணம், சூரியன் உச்சந்தலையில் நிற்கும், அண்ணாந்து நின்றால் கழுத்து ஒடியும். படுத்துப் பார்ப்பதுதான் வசதி. ஒரு சல்லடையும் பையில் இருக்கட்டும். பகுதி கிரகணம் நடக்கும்போது அதைத் தரைக்கு மேலே பிடித்தால் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பிறைச் சூரியன் கீழே விழும். குழந்தைகளுக்கு இதைவிடப் பத்திரமான வேடிக்கை இல்லை. வைரம் அணைந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். கழற்றாமல் விட்டால் கரோனா தெரியாது. மறுபடி ஒரு பொட்டு வெளிச்சம் கிளம்பியதும் போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு முறையாவது தலையைத் திருப்பித் தொடுவானத்தைச் சுற்றிப் பாருங்கள். எட்டுத் திசையிலும் ஒரே நேரத்தில் பொழுது சாய்ந்திருக்கும்.

கேமராவை நான் எடுத்துப் போகப் போவதில்லை. பார்க்கக் கிடைத்த மூன்று நிமிடத்தில் இரண்டரையை ஒரு டேப்பிடம் பறிகொடுத்தவன் நான். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு நின்றாரே, அதில் ஒரு நிச்சயம் இருந்தது. எதற்காக வந்தாரோ அதைச் செய்தார். பார்க்கவென்றே போன நான் பார்க்கவில்லை.

அவர் இப்போது இல்லை. பஞ்சாங்கத்தைப் புரட்டியபோது கவனித்தேன்: 2027 ஆகஸ்ட் 2-ம் ஆடி அமாவாசைதான். லக்ஸரில் ஆறும் இருக்கிறது. கங்கைக்குக் கிழக்குக் கரை காலியாக இருப்பதுபோல, நைலுக்கு மேற்குக் கரையைப் பழைய எகிப்தியர் இறந்தவர்களுக்கு விட்டுவைத்திருக்கிறார்கள்.

போன மாதம் கும்பகோணம் போனபோது பெரியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். காசியைவிட இரண்டு மடங்கு நேரம், மேகமே கிடையாது, விமானத்தில் போய்விடலாம், சக்கர நாற்காலி ஏற்பாடு செய்கிறேன், வாருங்கள் என்றேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார்.

“நான்தான் பார்த்துட்டேனே. நீ போய்ப் பாரு.”